பரிணாமமா, படைப்பா? பிள்ளையின் கேள்விக்குப் பள்ளிக்கூடம் என்ன பதில் சொல்லும்?

கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் சாலையில் லெங்கோங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள குனோங் ருந்து குகையில், 1990களின் தொடக்கத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர் சுராய்னா மஜித் தலைமையிலான குழு ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. 'பேரா மனிதன்' என்று இன்று உலகம் அழைப்பது அவரைத்தான்.

அவர் வாழ்ந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. தாயின் வயிற்றில் பிள்ளை சுருண்டு கிடப்பது போல் கால்களை மடக்கி அவரைப் புதைத்திருந்தார்கள். இடது கையில் பிறவிக் குறை இருந்தது. அப்படியிருந்தும் ஐம்பது வயதை நெருங்கும்வரை வாழ்ந்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. கல்லாயுதங்களையும் உணவையும் உடன் வைத்து மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

பள்ளிப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவாக அங்கே போவதுண்டு. போன பிள்ளை சும்மா இருக்குமா? "இவருக்கு முன்னால் யார் இருந்தார்கள்? அவர்களுக்கும் முன்னால்? முதல் மனிதன் எப்படி வந்தான்?" என்று கேட்கத்தான் செய்யும். வீட்டில் ஒரு பதில் இருக்கிறது. கோயிலில், தேவாலயத்தில், பள்ளிவாசலில் ஒரு பதில் இருக்கிறது. அறிவியல் நூலில் ஒரு பதில் இருக்கிறது. வகுப்பறையில் மட்டும் பெரும்பாலும் மௌனமே இருக்கிறது. இவ்வார அரங்கத்தில் அலசப்படுவது இந்த மௌனத்தைத்தான்.

நம் பாடத்தில் என்ன இருக்கிறது?

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளைக்கு 'நீடுநிலவல்' என்ற சொல் தெரியும். விலங்குகளும் தாவரங்களும் தம் இனம் அழியாமல் இருக்க என்னென்ன செய்கின்றன என்பதை ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். எறும்புத்தின்னி சுருண்டுகொள்வதும், பல்லி வாலைத் துண்டித்துவிட்டு ஓடுவதும் பிள்ளைகளுக்கு அத்துப்படி.

இடைநிலைப்பள்ளியில் உயிரியல் எடுக்கும் மாணவர், படிவம் 5-இல் மரபுவழி, மாறுபாடு, மரபணுத் தொழில்நுட்பம், உயிரினப் பன்முகம் ஆகியவற்றைப் படிக்கிறார். ஆனால் பரிணாமம் என்ற தலைப்பில் தனி அத்தியாயம் கிடையாது. எஸ்.டி.பி.எம். உயிரியலில்தான் இயற்கைத் தேர்வும் புதிய இனங்கள் தோன்றும் விதமும் பாடமாக வருகின்றன. வேறு விதமாகச் சொன்னால், செங்கல், மணல், சிமெண்டு எல்லாவற்றையும் எஸ்.பி.எம். மாணவரிடம் கொடுத்துவிடுகிறோம். இவற்றைக் கொண்டு எழுப்பப்பட்ட வீடு எது என்று சொல்வதில்லை.

படிவம் 6-க்குப் போய் உயிரியல் எடுப்பவர் எத்தனை பேர்? வணிகம் படிப்பவர், தொழில்கல்விக்குப் போகிறவர், படிவம் 5-ஓடு வேலைக்குப் போகிறவர் யாருக்கும் பள்ளிக்கூடம் இதைச் சொல்லித் தருவதே இல்லை.

நம் நாட்டில் இதற்காக யாரும் வழக்குப் போடவில்லை; ஊர்வலம் போகவில்லை. தேசியக் கோட்பாட்டின் முதல் நெறியே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். தேசியக் கல்வித் தத்துவமும் இறைநம்பிக்கையில் வேரூன்றிய மனிதரை உருவாக்குவதையே இலக்காகக் கொண்டிருக்கிறது. இச்சூழலில் ஆசிரியர் ஒருவர், "எதற்கு வம்பு?" என்று ஒதுங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் ஆசிரியர் ஒதுங்கிய இடத்தை அரைகுறைத் தகவல் வந்து நிரப்பிவிடுகிறது என்பதுதான் கவலை.

சரி, பரிணாமம் என்னதான் சொல்கிறது?

மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஒரே இனத்துக்குள் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகின்றன. எந்த வேறுபாடு உயிர் பிழைத்து இனம் பெருக்க உதவுகிறதோ அது அடுத்த தலைமுறையில் கூடுகிறது, உதவாதது குறைகிறது. இது ஆயிரமாயிரம் தலைமுறைகள் நடந்தால் இனமே மாறிப்போகிறது. இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு.

இதைச் சொன்னவர் என்றதும் சார்ல்ஸ் டார்வின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கதையில் நம் வட்டாரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் சுற்றித் திரிந்து வண்டுகளையும் பறவைகளையும் சேகரித்தார். சிங்கப்பூர், மலாக்கா, சரவாக் எல்லாம் அவர் கால்பட்ட இடங்கள். ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய பழைய இனம் இருந்த இடத்தை ஒட்டியே தோன்றியிருக்கிறது என்ற கருத்தை 1855-இல் சரவாக்கில் இருந்தபடி அவர் எழுதினார். 1858-இல் மொலுக்கஸ் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவருக்குப் பளிச்சிட்டது. அதை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இருவர் எழுத்தும் லண்டனில் ஒரே மேடையில் வாசிக்கப்பட்டன. டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1859-இல்.

நம் காடும் கடலும் பெற்றெடுத்த இந்தக் கருத்து நம் பிள்ளைகளுக்கு மட்டும் அந்நியமாக இருப்பது வேடிக்கைதான்!

தெலுக் இந்தான் புல் சொன்ன பாடம்

"பரிணாமத்தை யார் கண்ணால் பார்த்தது?" என்பது அடிக்கடி எழும் கேள்வி. பார்த்திருக்கிறார்கள். அதுவும் பேராவிலேயே பார்த்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்த தாய்மார்களுக்கு அந்தப் புல்லை நன்றாகத் தெரியும். மலாய்மொழியில் 'ரும்புட் சம்பாவ்' என்பார்கள். கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வந்த பிறகு இந்தப் புல் எளிதில் மடிந்தது. கடைகளில் 'ரவுண்டப்' என்ற பெயரில் பலரும் அறிந்த மருந்து அது. ஆனால் 1990களின் பிற்பகுதியில் தெலுக் இந்தான் வட்டாரத்துப் பழத்தோட்டம் ஒன்றில் அடித்த மருந்துக்கு இந்தப் புல் மடியவில்லை. சோதித்துப் பார்த்தபோது, சாதாரணப் புல்லைக் கொல்லும் அளவைப் போல் பல மடங்கு மருந்தையும் அது தாங்கியது. 2000-ஆம் ஆண்டில் அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் இது வெளியானது.

நடந்தது என்ன? மருந்து புல்லுக்குப் பாடம் கற்றுக்கொடுக்கவில்லை. புல்லும் "இனி நான் சாகமாட்டேன்" என்று முடிவெடுக்கவில்லை. கோடிக்கணக்கான புற்களில் ஒன்றிரண்டில், தற்செயலாக, ஒரு நொதியின் அமைப்பில் மிகச் சிறிய மாற்றம் இருந்திருக்கிறது. மருந்து அடிக்காதவரை அந்த மாற்றத்தால் அதற்குப் பெரிய லாபமில்லை. ஆண்டுக்குப் பலமுறை அதே மருந்தை அடித்தபோது மற்றவை மடிந்தன. இது மட்டும் நின்று விதை போட்டது. சில ஆண்டுகளில் அதன் வாரிசுகளே நிலத்தை ஆண்டன.

இயற்கைத் தேர்வு என்பது இதுதான். மாற்றம் தோன்றுவது தற்செயல். எது நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல. "எல்லாம் தற்செயலாக வந்துவிட்டது என்கிறார்களே!" என்று வருத்தப்படுவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

இதைப் புரிந்துகொண்ட தோட்ட நிர்வாகம் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காது. புரியாத நிர்வாகம் இன்னும் கூடுதலாக அடிக்கச் சொல்லும். மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவர் யார்? மூச்சில் இழுப்பவர் யார்? ஏட்டில் இருக்கும் கோட்பாடு ஏழையின் நுரையீரல்வரை வருகிறது.

மருத்துவமனையிலும் இதே கதைதான். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் விழுங்கினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. நாளை உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது.

கோலகங்சாரில் ஊன்றிய கன்று

இயற்கை செய்வதை மனிதனும் செய்கிறான். நம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த ரப்பர்த் தோட்டமே அதற்குச் சாட்சி.

1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்றை அந்நகரில் இன்றும் காட்டுகிறார்கள். மலாயாவின் பல இலட்சம் ஏக்கர் தோட்டங்கள் இப்படிப்பட்ட கைப்பிடியளவு கன்றுகளின் வாரிசுகள்.

விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒன்று போல் பால் தரவில்லை. ஒன்று நிறையத் தரும். பக்கத்து மரம் கால் வாளிகூடத் தராது. அதிகம் தரும் மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மொட்டை ஒட்டுக்கட்டி, மீண்டும் அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய ரகங்களை உருவாக்கியது. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்ற ரகத்தைப் பழைய தோட்டத்து மக்கள் பலர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். சில தலைமுறைத் தேர்விலேயே விளைச்சல் பல மடங்கு கூடியது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரே மரத்தின் ஒட்டுகள் என்றால் எல்லாம் ஒரே வார்ப்பு. தென்னமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் தப்பிக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு என்பது குறையன்று. உயிர் காக்கும் சேமிப்பு. இதையும் பரிணாமம்தான் கற்றுத் தருகிறது.

"குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?"

பரிணாமம் என்றாலே பலருக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்றால் இன்றைய குரங்குகள் ஏன் மனிதராகவில்லை?

இப்படி யோசித்துப் பாருங்கள். சுங்கை சிப்புட்டில் வாழும் ஒரு குடும்பத்தின் பூட்டனார் சேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். இன்று அந்தக் கிராமத்தில் இருக்கும் அண்ணன் வழிப் பேரன், இங்கிருப்பவருக்குப் பங்காளியே தவிர பூட்டன் அல்லர். "நீங்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள் என்றால் அங்கே இன்னும் ஏன் ஆட்கள் இருக்கிறார்கள்?" என்று யாராவது கேட்பார்களா?

சிம்பன்சியும் மனிதனும் அப்படித்தான். இன்றைய சிம்பன்சி நம் பாட்டன் அன்று. ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு கிளைக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அறிவியலின் கூற்று. எலும்புகளும் மரபணுக்களும் தனித்தனியே சொல்லும் சாட்சி இதில் ஒத்துப்போகிறது.

'கோட்பாடு' என்ற சொல்லும் குழப்பம் தருகிறது. அறிவியலில் கோட்பாடு என்றால் வெறும் ஊகமன்று. கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதற்காக யாரும் கைகழுவாமல் அறுவைச் சிகிச்சைக்குப் போவதில்லை.

இன்னொரு தவறான பேச்சும் உண்டு. பரிணாமத்தைக் காட்டி, இந்த இனம் உயர்ந்தது, அந்த இனம் தாழ்ந்தது என்று அடுக்கி வைத்தவர்கள் காலனி ஆட்சிக் காலத்தில் இருந்தார்கள். இன்றைய மரபணு அறிவியல் அந்த ஏணியை உடைத்துப் போட்டுவிட்டது. துரையும் தோட்டத் தொழிலாளியும் லெங்கோங் குகைவாசியும் ஒரே மனித இனம். இதைச் சொல்லித் தருவது தோட்டத்துப் பிள்ளைக்குத் தன்மானத்தைச் சொல்லித் தருவதாகும்.

நீதிமன்றம் ஏறிய பாடம்

உலகில் இந்தச் சண்டை பெரிதாக வெடித்தது அமெரிக்காவில்தான். 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் சட்ட நுணுக்கக் காரணத்தால் அத்தீர்ப்பு நீக்கப்பட்டாலும், அந்தத் தடைச் சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது.

பிறகு உத்தி மாறியது. "பரிணாமத்தைத் தடுக்க வேண்டாம், படைப்பையும் அறிவியலாகச் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடுத்து, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதுப்பெயர் வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் ஊரில் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அன்று, சமயக் கருத்தின் மறுவடிவமே என்று தீர்ப்பளித்தார்.

இந்தியாவில் 2018-இல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு தவறு, அதைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்று பேசினார். நாட்டின் அறிவியல் கழகங்கள் மறுப்பு வெளியிட்டன. 2023-இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி., பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற அத்தியாயத்தை 'மரபுவழி' என்று சுருக்கியது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவருக்கு மட்டும் பரிணாமம் கிடைத்தால் மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்பதே அவர்களின் வாதத்தின் சாரம். தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு நூலிலோ உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கின்றன.

அந்த வாதத்தை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே 2023-இல் எடுத்துவிட்டார்களே என்று கலங்கியது எதுவோ, அது இங்கே நெடுநாள் வழக்கம்.

சாமி கும்பிடும் வீட்டுக்கு இது பகையா?

பெற்றோரின் அச்சத்தை இளக்காரமாகப் பேசுவது சரியன்று. "பிள்ளை படித்துவிட்டு வந்து கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால்?" என்பது பாசத்தில் பிறக்கும் பயம்.

நடைமுறை வேறாக இருக்கிறது. 1996-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். ஆன்மா இறைவனின் கொடை என்பதில் அவர் மாறவில்லை. மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் தீவிரக் கிறிஸ்துவர். முஸ்லிம் அறிஞர்களிடையே முழுதாக மறுப்பவரும் உண்டு, மனிதரைத் தவிர்த்து ஏற்பவரும் உண்டு, முழுதாக ஏற்பவரும் உண்டு. வாலஸ்கூட மனித மனத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்றே கடைசிவரை நம்பினார்.

இந்து சமயத்தவருக்கு உலகின் வயது பெரிய சிக்கலில்லை; யுகக் கணக்கே பல இலட்சம் ஆண்டுகள். ஆனால் இங்கே வேறொரு குழப்பம் உண்டு. "மச்சம், கூர்மம் என்று தசாவதாரமே பரிணாமம்தானே! சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல் முதல் தேவர் வரை பாடிவிட்டாரே! தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிவிட்டாரே!" என்று மேடையில் கைதட்டு வாங்குவோர் உண்டு.

உயிர்கள் எல்லாம் ஒரே வரிசையில் உறவானவை என்று நம் முன்னோர் உணர்ந்தது பெருமைக்குரியது. ஆனால் மறுபிறப்பு என்பது ஓர் ஆன்மா பல உடல்களில் செய்யும் பயணம். பரிணாமம் என்பது ஓர் இனத்தின் உடலும் மரபணுவும் தலைமுறை தலைமுறையாக மாறுவது. தொல்காப்பியம் செய்தது வகைப்பாடு. இவற்றை ஒன்றாக்கினால் சமயத்துக்கும் பெருமையில்லை, அறிவியலுக்கும் நன்மையில்லை.

"இரண்டையும் சொல்லித் தரலாமே?"

நியாயமாகத் தோன்றும் யோசனைதான். ஆனால் எந்தப் படைப்புக் கதையைச் சொல்வது? பூமிக்கு வயது பத்தாயிரம் ஆண்டுக்குள் என்போர் ஒரு பக்கம். கோடிக்கணக்கான ஆண்டுகள், ஆனால் இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்போர் ஒரு பக்கம். சமயத்துக்குச் சமயம் கதை வேறு. ஓராங் அஸ்லி மக்களுக்கும் தங்கள் கதைகள் உண்டு. பல இனப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறிவியல் வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் மனம் புண்படும்.

அறிவியல் வகுப்பின் விதி எளியது. சோதித்துப் பார்க்க முடியுமா? தவறென்றால் தவறென்று காட்ட முடியுமா? தெலுக் இந்தான் புல்லை யாரும் சோதிக்கலாம். படைப்பை அப்படிச் சோதிக்க முடியாது. அதனால் அது பொய் என்று ஆகாது. அதற்குரிய இடம் வேறு. நன்னெறிக் கல்வி, இஸ்லாமியக் கல்வி, வரலாறு, கோயிலின் சமய வகுப்பு, வீட்டின் இரவுச் சாப்பாட்டு நேரம் எல்லாம் அதற்கு இருக்கின்றன. 'ஏன் வாழ்கிறோம்?' என்ற கேள்விக்கு நுண்ணோக்கியில் பதில் கிடைக்காது. 'எப்படி மாறினோம்?' என்ற கேள்விக்கு அறிவியல்தான் பதில் தேட வேண்டும்.

என்ன செய்யலாம்?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீடுநிலவல் நடத்தும் ஆசிரியர், "இந்தத் தன்மை எப்படி வந்திருக்கும்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். படிவம் 5-இல் மாறுபாடு பாடம் வரும்போது ரப்பர் ஒட்டையும் ரும்புட் சம்பாவையும் எடுத்துக்காட்டலாம். ஆரம்பப் பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், மேற்படிப்பில் ஆங்கிலத்திலும் அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு, பரிணாமம், இயற்கைத் தேர்வு, மரபணு போன்ற சொற்களை மும்மொழியிலும் அறிமுகப்படுத்துவது பெரிய உதவி.

மருத்துவமோ உயிரித் தொழில்நுட்பமோ படிக்க வெளிநாடு போகும் பிள்ளை, முதல் ஆண்டு வகுப்பில் இதை முதன்முறையாகக் கேட்டுத் தடுமாறக் கூடாது. படிப்பில் தடுமாறுவதோடு நிற்காது. "என் வீட்டில் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று தனியாக, பேச ஆளில்லாமல், அயல்நாட்டில் உட்கார்ந்து குழம்பும். அந்தக் குழப்பத்துக்கு விடை தேடும் துணையாகப் பெற்றோரும் ஆசிரியரும் இங்கேயே, இப்போதே இருக்கலாம்.

ஆகவே பிள்ளை கேட்டால், "அதெல்லாம் தேர்வுக்கு வராது" என்று வாயை அடைக்காதீர்கள். "நம் வீட்டு நம்பிக்கை இது, அறிவியல் கண்டறிந்தது இது, இரண்டையும் தெரிந்துகொள்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையின் நம்பிக்கை உடைந்துவிடாது. கேட்டபோது பதில் கிடைக்காத பிள்ளைதான் வீட்டையும் பள்ளியையும் ஒருசேர நம்பாமல் போகும்.